தேய்ப்பதற்கு முன் ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள்: மங்கிய அலுமினியத்தை வீட்டிலேயே மீட்பது

மச்சான் காரின் ரூஃப் ரெயிலைக் கெடுத்தது நான்தான். மனைவியின் அண்ணன், தூத்துக்குடியில் இருக்கிறார். உப்புக் காற்றிலும் வெயிலிலும் நாலு வருஷம் திறந்த வெளியில் நின்ற கார். கூரையின் இரண்டு ஓரத்திலும் ஓடும் வெள்ளி நிற ரெயில்களில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். அதற்கு முந்தின வாரம்தான் என் பழைய புல்லட்டின் என்ஜின் கவரைத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தேன். அந்தத் தெம்பில், "அலுமினியம்தானே மச்சான், அரை மணி நேர வேலை" என்று சொல்லி 800 நம்பர் வாட்டர் பேப்பரை எடுத்தேன் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் கூடக் கூட நைசு).

அரை மணி நேரம் கழித்து அந்த ரெயிலில் மூன்று நிறம் இருந்தது. ஓர் இடம் பளிச்சென்று, ஓர் இடம் பழைய சாம்பல் வெள்ளையாக, இரண்டுக்கும் நடுவே தேமல் படர்ந்த தோல் மாதிரி ஒரு கரை. எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கரை நகர்ந்ததே தவிர போகவில்லை. மச்சான் ரெயிலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "மொதல்ல இருந்ததே பரவால்ல மாப்ள."

புல்லட் கவரும் அலுமினியம், ரெயிலும் அலுமினியம். ஒன்று மின்னியது, இன்னொன்று கெட்டது. இந்த வேலையைப் புதிதாகச் செய்யப்போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது அதற்கான காரணத்தைத்தான். தேய்க்கும் முறை அதற்கு அடுத்தபடி.

துரு இல்லை, ஆனாலும் பூக்கும்

இரும்புக்குத் துரு, செம்புக்குக் களிம்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். அலுமினியத்துக்கு வருவதற்குத் தனிப் பெயர் இல்லை, "பூத்துப்போச்சு" என்போம். பொருத்தமான சொல்தான்.

அலுமினியம் காற்றைத் தொட்ட கணமே ஆக்ஸிஜனோடு சேர்ந்து தன்மேல் ஒரு படலம் போட்டுக்கொள்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் நாலைந்து கூறு கனம்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. இரும்புத் துரு செதில் செதிலாக உதிர்ந்து உள்ளே இருக்கும் இரும்பையும் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கும். அலுமினியப் படலம் அப்படி உதிராது. இறுக ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். கீறினால் கீறிய இடத்தில் உடனே புதுப் படலம் வரும்.

அப்படியானால் மங்குவது எதனால்? இந்தப் படலத்துக்கு மூன்று எதிரிகள்: அமிலம், காரம், உப்பு. ஏறக்குறைய நடுநிலையான தண்ணீரில் அது பத்திரமாக இருக்கும். புளிப்பு ஏறினாலும் கரையும், காரத்தன்மை ஏறினாலும் கரையும். இரண்டு பக்கமும் அடி வாங்கும் உலோகங்களில் இதுவும் ஒன்று.

இது நம் சமையலறைக்குத் தெரியாத வேதியியல் அல்ல. மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1890களின் கடைசியில் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கியதிலிருந்து கணக்கு வைத்தால், நூறு வருஷத்துக்கு மேலாக இந்த உலோகத்தோடு குடித்தனம் நடத்துகிறோம். அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க வைக்காதே என்று அம்மா சொன்னது அமிலத்தைப் பற்றி. இட்லிக் குண்டானின் உள்பக்கம் கறுப்பது காரத்தால்: கடினமான தண்ணீர் கொதிக்கக் கொதிக்கக் காரத்தன்மை ஏறும். அதைத் தடுக்க அடித் தண்ணீரில் ஒரு சுளை புளியோ பிழிந்த எலுமிச்சைத் தோலோ போடுவார்கள். கொஞ்சம் புளிப்பு காரத்தை அடக்குகிறது, நிறைய புளிப்பு பாத்திரத்தையே அரிக்கிறது. வண்டியிலும் இதே கதைதான்.

உப்பு செய்வது வேறு வேலை. அதிலுள்ள குளோரைடு படலத்தில் பலவீனமான புள்ளியைத் தேடி, துளைத்து உள்ளே இறங்கும். மேலே ஊசி முனை அளவுக்குத் தெரியும் குழிக்குள் வெள்ளைப் பொடி நிறைந்திருக்கும். திருவொற்றியூர், தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழிகளை நான் வர்ணிக்கத் தேவையில்லை.

பளபளப்பு என்பது பரப்பின் சமதளம்தான். வழவழப்பான பரப்பில் பட்ட வெளிச்சம் ஒரே பக்கம் திரும்பும், அதனால் முகம் தெரியும். குழியும் பொடியும் கீறலும் நிறைந்த பரப்பில் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும், சாம்பலாகத் தெரியும். ஆகவே மினுக்குவது என்றால் பரப்பைச் சமப்படுத்துவது, அதாவது கொஞ்சம் உலோகத்தையே செதுக்கி எடுப்பது. எடுக்கக் கூடாத ஒன்று மேலே இருந்தால்? அங்கேதான் நான் ரெயிலில் சறுக்கினேன்.

மேல் தோல் எது?

வண்டியில் இருக்கும் அலுமினியத்துக்குப் பெரும்பாலும் மூன்று விதமான மேல் தோல் உண்டு. ஒன்று, தோலே இல்லாத வெறும் உலோகம்: பழைய பைக்குகளின் பாலிஷ் செய்த என்ஜின் கவர், ஜீப்பின் பக்கப்படி, லாரியில் அடிக்கும் செக்கர்டு ஷீட். இரண்டு, அனோடைஸ் செய்தது, அதாவது அந்த இயற்கைப் படலத்தையே மின்சாரத்தால் தடிக்க வைத்தது: கார்களின் ரூஃப் ரெயில், ஜன்னல் ஓரப் பட்டை, கடையில் வாங்கி மாட்டும் வண்ண வண்ணக் கைப்பிடி முனைகளும் லீவர்களும். மூன்று, மேலே கிளியர் கோட்டோ (நிறமில்லாத வார்னிஷ் மாதிரிப் பூச்சு) பெயிண்டோ பவுடர் கோட்டிங்கோ போட்டது: அலாய் வீல்கள், புதிய பைக்குகளின் பெரும்பாலான கவர்கள்.

கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம், எனக்கு இப்போதும் தவறும். ஆனால் பத்து நிமிஷத்தில் சோதித்துவிடலாம்.

முதலில் காந்தம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தமே போதும். ஒட்டினால் அது குரோம் பூசிய இரும்பு. இந்தக் கட்டுரையில் சொல்லும் எதையும் அதில் செய்யாதீர்கள், வாட்டர் பேப்பர் பட்டால் குரோம் போய்விடும். புல்லட்டின் மட்கார்டும் சைலன்சரும் அந்த ரகம். என்ஜின் கவரில் காந்தம் வழுக்கி விழும்.

அடுத்து பாலிஷ். வெள்ளைத் துணியில் மிளகளவு மெட்டல் பாலிஷ் தொட்டு, கண்ணில் படாத ஒரு மூலையில் ஏழெட்டு முறை தேயுங்கள். துணி கரி பட்டதுபோலக் கறுத்தால் அது வெறும் உலோகம். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, அலுமினியமேதான். மிக நுண்ணிய துகளாக உதிரும்போது வெளிச்சத்தைத் திருப்பித் தராமல் விழுங்குவதால் கறுப்பாகத் தெரிகிறது. துணி வெள்ளையாகவோ லேசான சாம்பலாகவோ நின்றால் உலோகத்துக்கும் துணிக்கும் நடுவே ஏதோ ஒரு தோல் இருக்கிறது என்று அர்த்தம். நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்தத் தோல் என்ன என்று பார்க்க, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தின்னர் தொட்டு அதே மூலையில் வையுங்கள். மேற்பரப்பு பிசுபிசுத்தால் சாதாரண லாக்கர் அல்லது பெயிண்ட். அனோடைஸ் படலத்தைத் தின்னர் ஒன்றும் செய்யாது. நன்றாகக் கெட்டிப்பட்ட பவுடர் கோட்டிங்கும் கம்பெனி கிளியர் கோட்டும்கூட தின்னருக்குச் சட்டென்று அசையாது. ஆனால் அவை கல்லடி பட்ட இடத்தில் பொரிந்தோ, ஓரத்தில் உரிந்தோ தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். அனோடைஸ் ஒருநாளும் தோல் தோலாக உரியாது. உலோகத்திலிருந்தே வளர்ந்தது என்பதால் உரிய வழியில்லை.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் இன்னொரு சோதனை, எனக்கு மிகவும் பிடித்தது. கன்டின்யூட்டியில் (மின்சாரம் கடந்தால் கத்தும் அமைப்பு) வைத்து இரண்டு முனைகளையும் குத்தாமல் பக்கவாட்டில் சாய்த்துத் தொடுங்கள். வெறும் அலுமினியம் 'பீப்' என்று கத்தும். அனோடைஸ் செய்தது ஊமை, ஏனென்றால் அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. மச்சான் ரெயிலைக் கெடுத்த பிறகு இந்தச் சோதனையைச் செய்தேன். நான் தேய்த்த இடத்தில் பீப், தேய்க்காத இடத்தில் மௌனம். அந்தக் கரை ஏன் நகர்ந்துகொண்டே இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

வெறும் உலோகம்: ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

நம் கையால் முழுதாக மீட்க முடிவது இதை மட்டும்தான். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன். என் உதாரணம் பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டின் (சிலிண்டர்தான் வார்ப்பிரும்பு, கவர் அலுமினியம்) இடது பக்கக் கவர், உள்ளே பிரைமரி செயின் ஓடும் இடம்.

கவரைக் கழற்றித்தான் தேய்க்க வேண்டும் என்றில்லை. இந்த மாடலில் அந்தக் கவரை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது, ஃபுட்ரெஸ்ட்டை எடுத்தால் கழற்றிவிடலாம். ஆனால் கவரை எடுத்த கணமே உள்ளே இருக்கும் ஆயில் தரையில் இருக்கும், பிறகு ரப்பர் சீலைச் சரியாக உட்கார வைக்காவிட்டால் ஆயுள் முழுக்க ஒழுகும். முதல் முறை செய்பவர் வண்டியிலேயே வைத்துச் செய்யலாம். சுற்றியுள்ள இடுக்குகளையும் ரப்பர்களையும் மாஸ்கிங் டேப் போட்டு மூடுங்கள். தேய்த்த தூள் என்ஜினுக்குள்ளோ செயினுக்குள்ளோ போனால் பளபளப்புக்குக் கொடுக்கும் விலை அதிகமாகிவிடும்.

என்ஜின் ஆறியிருக்க வேண்டும். கிரீஸ், ஆயில் பிசுக்கை மண்ணெண்ணெயோ டீசலோ தொட்ட பழைய பல் பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் லிக்விடை நிறையத் தண்ணீரில் கலந்து கழுவுங்கள். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், அதில் சலவை சோடா இருக்கும், அது காரம். குத்துவிளக்குக்குப் போடும் செங்கல் பொடி, பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருள் எதுவும் இங்கே வரக் கூடாது. கம்பிச் சுருளில் இன்னொரு வில்லங்கம் உண்டு: இரும்புத் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து, ஈரம் பட்டதும் அவை துருப்பிடிப்பதோடு பக்கத்திலிருக்கும் அலுமினியத்தையும் அரிக்கத் தொடங்கும்.

கழுவித் துடைத்தபின் நேராக உப்புத்தாளுக்குப் போகாதீர்கள். முதலில் வெறும் மெட்டல் பாலிஷைப் போட்டு ஒரு கையகல இடத்தைத் தேய்த்துப் பாருங்கள். மங்கல் மட்டும் இருந்து குழியும் கீறலும் இல்லாவிட்டால் பாலிஷே போதும், மூன்று மணி நேர வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பலபேர் தேவையில்லாமல் 220 பேப்பரில் தொடங்கிவிட்டு, அது போட்ட கீறலை அழிக்கவே நாள் முழுக்கத் தேய்க்கிறார்கள்.

குழி இருந்தால்தான் வாட்டர் பேப்பர். அதிலும் முதலில் 1000. அது பத்து நிமிஷத்தில் எதையும் அசைக்காவிட்டால் 600. அதுவும் தோற்றால் 400 அல்லது 320. எங்கே தொடங்கினாலும் அங்கிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏற வேண்டும்: 400, 600, 800, 1000, 1500, 2000. படி தாண்டினால் முந்தின பேப்பரின் கீறல் மறையாது. அப்போது தெரியாது, பாலிஷ் போட்டு வெயிலில் நிறுத்தியதும் வரிவரியாகத் தெரியும்.

கீறல் போய்விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 400ஐ இடமிருந்து வலமாகத் தேய்த்தால் 600ஐ மேலிருந்து கீழாகத் தேயுங்கள். ஒரு கிடைக்கோடு கண்ணில் பட்டாலும் 600 வேலை முடியவில்லை. கிடைக்கோடு எல்லாம் போய் நெடுக்கோடு மட்டும் தெரியும்போது 800ஐ மறுபடி கிடையாக. வட்டம் வட்டமாகத் தேய்த்தால் எந்தக் கீறல் எந்த நம்பருடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர லிக்விட் விட்டு, எப்போதும் ஈரமாகவே தேய்க்க வேண்டும். ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் கவரையும் கையையும் கழுவி, மக்கில் இருக்கும் தண்ணீரையும் மாற்றிவிடுங்கள். பழைய தண்ணீரில் மிச்சமிருந்த ஒரே ஒரு 400 மணல், 1500 போடும்போது குறுக்கே ஒரு கோடு இழுத்தது எனக்கு. அந்த ஒரு கோட்டுக்காக மறுபடி 800க்கு இறங்கினேன். சமமான பரப்பில் விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாக விழும். தேய்ந்துபோன ஹவாய் செருப்பில் தீப்பெட்டி அளவு வெட்டி, பேப்பரை அதில் சுற்றிக்கொள்ளுங்கள். வளைவான இடத்துக்கு விரல்தான் சரி.

குழிகளை விடாமல் துரத்தாதீர்கள். ஆழமான குழி ஒன்றை அழிக்க அதைச் சுற்றி மட்டும் தேய்த்தால், குழி போய்க் கிண்ணம் வந்துவிடும். பக்கத்திலிருந்து பார்த்தால் கவர் அலையலையாகத் தெரியும். என் கவரின் கீழ் ஓரத்தில் ஏழெட்டுக் குழிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. முப்பது வருஷம் ஓடிய வண்டிக்கு அவ்வளவு அம்மைத் தழும்பு இருக்கலாம்.

2000 முடிந்ததும் கவர் ஒரே சீரான பால் சாம்பல் நிறத்தில் இருக்கும். "இவ்வளவு தேய்த்தும் இதுதானா" என்று தோன்றும் கட்டம் அது, பயப்பட வேண்டாம். பழைய பருத்திப் பனியனைக் கிழித்து, பட்டாணி அளவு மெட்டல் பாலிஷ் எடுத்து, உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் அழுத்தித் தேயுங்கள். ஆட்டோசால் போன்ற களிம்பு வடிவத்தில் வருவது கைவேலைக்கு வசதி, வழியாது. அரை நிமிஷத்தில் துணியும் கட்டைவிரலும் கன்னங்கரேலென்று ஆகும். அந்தக் கறுப்புக் குழம்போடேயே இன்னும் இரண்டு நிமிஷம் தேயுங்கள், அதுதான் வேலை செய்கிறது. காய்வதற்கு முன் சுத்தமான பனியன் துண்டால் வழித்து எடுங்கள். கறுப்புக்கு அடியிலிருந்து முதலில் டியூப்லைட்டின் கோடு தெரியும், பிறகு உங்கள் மூக்கு தெரியும். இப்படி மூன்று சுற்று.

கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெய்ப் படலத்தை எடுக்க ஒரு கைப்பிடி மைதா மாவைத் தூவி, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். மைதாதான், கோலமாவு அல்ல. கோலமாவு கல் பொடி, மூன்று மணி நேர வேலையை மூன்று நொடியில் கீறிவிடும்.

டிரில்லில் துணிச் சக்கரம் மாட்டி, பஃபிங் சோப்பு தொட்டுத் தேய்த்தால் நேரம் பாதியாகும். ஆனால் ஈரத்தில் தேய்ப்பதுபோல் இல்லை, தூசி பறக்கும். அலுமினியத் தூசி எளிதில் தீப்பிடிக்கும், மூச்சில் போவதும் கெடுதல். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம், இரும்பு தேய்த்த அதே சக்கரத்தையும் அதே இடத்தையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. இரும்புத் துருவும் அலுமினியத் தூளும் கலந்து அதில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரயில் தண்டவாளத்தை ஒட்டவைக்கும் தெர்மிட் வெல்டிங்தான் உதாரணம், அதன் மூலப்பொருளே அந்த இரண்டும்தான். லுங்கி, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் சக்கரத்தின் பக்கத்தில் வேண்டாம். சக்கரம் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

அனோடைஸ்: நான் கெடுத்த கதை

அனோடைஸ் என்பது மேலே பூசிய பூச்சு அல்ல. உதிரிபாகத்தைக் கந்தக அமிலத் தொட்டியில் இறக்கி மின்சாரம் செலுத்தினால், இயற்கையாக வரும் அதே ஆக்ஸைடு படலம் ஆயிரக்கணக்கான மடங்கு தடித்து வளரும். அப்படி வளர்ந்தும் சாதாரணமாக 5 முதல் 25 மைக்ரான்தான், தலைமுடி கனத்தில் பாதிகூட இல்லை. ஆனால் உறுதி. மாணிக்கமும் நீலக்கல்லும் எந்தப் பொருளின் படிகமோ அதே அலுமினியம் ஆக்ஸைடுதான் இதுவும். வளரும்போது அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். கறுப்போ சிவப்போ வேண்டுமென்றால் அந்தத் துளைகளில் சாயத்தை ஏற்றி, வெந்நீரில் போட்டுத் துளையை அடைப்பார்கள்.

இதிலிருந்தே இது எப்படிக் கெடும் என்று ஊகித்துவிடலாம். சாயம் வெயிலில் வெளுக்கும். கறுப்பு ரெயில் ஊதாவாகவோ செம்பழுப்பாகவோ மாறுவது அதனால்தான். வெள்ளி நிற ரெயிலில் வரும் வெள்ளைத் திட்டு பெரும்பாலும் காரத்தின் வேலை: காட்டமான கார்வாஷ் நுரையை வெயிலில் காயவிட்டால் படலம் அரிபட்டுப் பூக்கும். அதோடு தூத்துக்குடிக் காற்றும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை.

இதற்கு வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மென்மையான ஷாம்பூவால் கழுவி, மிக மென்மையான பாலிஷை மெல்லத் தேய்த்துப் பார்க்கலாம். படலத்தின் மேல் படிந்த கறை என்றால் போகும், படலமே அரிபட்டிருந்தால் போகாது. போகாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். வாட்டர் பேப்பர் எடுத்தால் நடப்பது இதுதான்: படலம் ஓர் இடத்தில் தேய்ந்து அடியிலிருக்கும் வெறும் உலோகம் தெரியும், பக்கத்தில் படலம் மிச்சமிருக்கும், இரண்டும் வேறு நிறம். அந்தக் கரையை அழிக்க ஒரே வழி மொத்தப் படலத்தையும் எடுப்பது. எடுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விட்டது, பிறகு மாதம் ஒரு முறை பாலிஷ் போடும் கடமை உங்களுடையது.

காஸ்டிக் சோடா கரைசலில் போட்டால் அனோடைஸ் கழன்றுவிடும் என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. கழலும், உண்மைதான். படலத்தை முடித்தபிறகு அதே சூட்டோடு அலுமினியத்தையும் தின்னத் தொடங்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும், தெறித்தால் கண் போகும். வீட்டில் வேண்டாம்.

நியாயமான வழிகள் இரண்டு. ஒன்று, கழற்றி அனோடைசிங் பட்டறையில் கொடுப்பது. அம்பத்தூர், கோயம்புத்தூர் போன்ற தொழிற்பேட்டை ஊர்களில் இருக்கிறார்கள். உள்ளே செருகியிருக்கும் இரும்பு ஸ்டட்டையும் பிளாஸ்டிக்கையும் நீக்கித்தான் வாங்குவார்கள். வார்ப்பு அலுமினியம் என்றால் அதிலுள்ள சிலிக்கானால் கருஞ்சாம்பலாக, திட்டுத்திட்டாக வரலாம் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, பெயிண்ட். மேற்பரப்பை லேசாகச் சொரசொரப்பாக்கி, அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர் (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் முதல் பூச்சு) அடித்து, அதன்மேல் கறுப்பு. பிரைமர் இல்லாமல் நேராக அடித்த பெயிண்ட் அடுத்த மழைக்காலத்தில் சுருட்டிக்கொண்டு வந்துவிடும்.

அலாய் வீல்: சுருக்கமாக

வீலின் மேல் கிளியர் கோட் இருக்கும். ஒரு கல் பட்டுச் சின்ன வாய் திறந்தால் அதன் வழியே ஈரமும் உப்பும் புகுந்து, கோட்டுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்தமாதிரிக் கோடுகள் கிளம்பும். மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அது போகாது, ஏனென்றால் அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சரிசெய்வதென்றால் கோட்டை முழுதாக உரித்து, உலோகத்தைச் சுத்தம் செய்து, மறுபடி கோட் அடிக்க வேண்டும். அதற்கு அடிக்கும் டூ-கே கிளியர் கோட்டில் (இரண்டு பாகத்தைக் கலந்து அடிப்பது) ஐசோசயனேட் என்ற, மூச்சுக்குக் கேடான ரசாயனம் இருக்கிறது, துணி மாஸ்க் அதைத் தடுக்காது. டைமண்ட் கட் வீல் என்றால் லேத்தில் போட்ட மெல்லிய வளையக் கோடுகள் கைப்பேப்பரில் அழிந்துவிடும். அடுப்பிலோ டார்ச்சிலோ சூடுகாட்டும் யோசனை வரவே கூடாது, வெப்பப் பதப்படுத்தலில் கிடைத்த பலம் சூட்டில் இளகிப்போகும். இரண்டு டன் வண்டியைத் தாங்கும் பாகம் இது. விரிசல் கண்ணில் பட்டால் மெருகு பற்றிய பேச்சே கிடையாது, மாற்றுங்கள். என்னைக் கேட்டால் வீலை வீல் கடைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

பிறகு எத்தனை நாள் நிற்கும்?

மினுக்கிய வெறும் அலுமினியம் அன்று சாயங்காலமே மறுபடி மங்கத் தொடங்குகிறது, நமக்குத் தெரியச் சில வாரம் ஆகும். மெழுகு பூசினால் தள்ளிப்போடலாம். ஆனால் கார்னாபா மெழுகு 80 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினாலே உருகிவிடும். பக்கப்படிக்கும் பட்டைக்கும் அது சரி, கொதிக்கும் என்ஜின் கவரில் ஒரு வார ஓட்டத்துக்குத் தாங்காது. அங்கே செயற்கை சீலன்ட் கொஞ்சம் மேல். நான் இரண்டையும் விட்டுவிட்டு, மாதம் ஒரு ஞாயிறு பத்து நிமிஷம் பாலிஷ் போடுகிறேன். தொடர்ந்து செய்தால் பேப்பர் பக்கமே போக வேண்டியதில்லை.

கடலோரத்தில் வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுவது எல்லா மெழுகையும்விட மேல். ஈரத்தோடு கார் கவர் போட்டு மூடுவது உப்புக்கு ஊறுகாய் ஜாடி செய்து கொடுப்பது மாதிரி. அலுமினியத்தில் இரும்பு போல்ட் இறுகும் இடத்தில்தான் அரிப்பு முதலில் பிடிக்கும். இரண்டு வேறு உலோகம், நடுவே உப்புத் தண்ணீர், குட்டி பேட்டரி தயார். நைலான் வாஷரோ மரையில் ஒரு தொடு கிரீஸோ போதும்.

வாட்டர் வாஷுக்கு விடுபவர்கள் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "என்ஜினுக்கு என்ன அடிக்கிறீங்க?" ஒருமுறை ஒரு கடையில் கேட்காமல் விட்டேன். ஏதோ ஒரு திரவத்தைத் தெளித்தார்கள், கவர் நுரைத்து அந்த நிமிஷம் வெள்ளை வெளேரென்று ஆனது. வீட்டுக்கு வந்து காய்ந்ததும் பார்த்தால் பாலிஷ் முழுக்கப் போய் சிமென்ட் தரை மாதிரி இருந்தது. அமிலம். 'அலுமினியம் பிரைட்னர்' என்று விற்கும் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கும். அது தோலில் பட்டால் உடனே வலிக்காமல் உள்ளே இறங்கிப் பிறகு வேலையைக் காட்டும். லேபிளில் ஃப்ளோரைடு என்ற சொல் கண்ணில் பட்டால் வாங்காதீர்கள்.

மச்சான் காரின் இரண்டு ரெயில்களும் இப்போது மேட் கறுப்பு. மூன்று நிறத்தையும் ஒரே நிறமாக்க வேறு வழி தெரியாமல், எட்ச் பிரைமரும் இரண்டு கேன் ஸ்பிரேயும் என் செலவில் வாங்கி நானே அடித்தேன். போன பொங்கலுக்கு வந்தபோது யாரோ கேட்டதற்கு, "நான்தான் பிளாக் பண்ணச் சொன்னேன், ஸ்போர்ட்டியா இருக்குல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் புல்லட் பக்கம் திரும்பி, கவரின் கீழ் ஓரத்தைத் துடைக்க ஆரம்பித்தேன்.